மேலே போக வேண்டாம் என்ற மங்கையக்கா

மங்கையக்கா காலமான செய்தி லண்டன் கிங்ஸ்பரியில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடையில் பால் வாங்க நின்றபோது யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எங்கள் தமிழ்ச் சங்கம் அனுப்பிய அஞ்சலியில், நல்ல குடும்பத்தலைவி, கோயில் தொண்டர் என்று எழுதியிருந்தார்கள். பல வருடங்கள் உதைபந்தாட்ட மைதானத்தில் என் பக்கத்து ஆசனத்தில் இருந்து நடுவரை ஏசிய பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

நாங்கள் ஆதரிக்கும் லண்டன் கழகம் இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவில் ஆடும் சாதாரணக் கழகம். மைதானத்தில் என் வரிசையில் இன்னொரு தமிழ் முகத்தை முதல்முறை கண்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எங்கள் சனத்திடமிருந்து தப்பத்தான் நான் அங்கே போவது. மங்கையக்கா கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டி, "பயப்பிடாதையும், எந்த ஊர் எண்டு கேக்கமாட்டன்" என்றார்.

அவருடைய கணவர் பாரிசவாதத்தில் படுக்கையாகக் கிடந்தார். ரயில் ஓட்டும் மகனுக்குச் சனிக்கிழமை பின்னேரம் மட்டுமே ஓய்வு. அந்த நேரம் மகன் தகப்பனோடு இருக்க, அக்கா மைதானத்துக்கு வருவார். கிழமை முழுவதிலும் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதனால்தான், கழகம் உச்சப் பிரிவுக்குப் போகக்கூடும் என்று மைதானமே பாடிய அந்த வருடம் அவர் மட்டும் பாடவில்லை.

"மேல போனா டிவிக்காரன் நினைச்ச நேரத்துக்கு ஆட்டத்த மாத்துவான். ஞாயிறு மத்தியானம், திங்கள் இரவு. பிறகு நான் என்னண்டு வாறது? இஞ்ச பாதி ஆட்டமாவது வெல்லுறம். அங்க போய் அடி வாங்கி என்ன சுகம்?"

என்னிடம் வேலை பழகியவர்கள் என்னைத் தாண்டிப் போனதை அலுவலகத்தில் இருபது வருடம் பார்த்தவன் நான். "ஒருக்காவாவது நாங்கள் மேல இருக்கவேண்டாமோ அக்கா?" என்றேன்.

"உம்மட கோபத்துக்குப் பதினொரு பெடியள் ஓடவேணுமோ?"

அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு நான் அவரோடு பேசவில்லை. அவரோ ஒன்றும் நடக்காதது போலக் கச்சானை நீட்டிக்கொண்டிருந்தார்.

மேலே போவது யார் என்பதைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் வெம்பிளியில். இரு பக்கமும் சமநிலை. முடியப்போகும் நேரத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. நான் பந்தைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தேன். எங்கள் வரிசையில் முதலில் எழுந்தவர் அவர். "அடி ராசா, அடி" என்று கத்தினார். பந்து வலைக்குள் போனதும் என்னைக் கட்டிப்பிடித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "வேண்டாம் எண்டீங்களே?" என்றேன்.

"அது வீட்டில இருந்து யோசிச்சது. பந்து அங்க இருக்கேக்க அப்பிடி நினைக்க ஏலுமோ?"

அடுத்த வருடம் அவர் சொன்னபடியே நடந்தது. ஆட்ட நேரங்கள் மாறின, பக்கத்து ஆசனம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது, நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். மீண்டும் கீழே இறங்குவது உறுதியான நாளில் மகன் லீவு எடுத்ததால் அவர் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் அழுதார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, "இனி உங்கட சனிக்கிழமை திரும்பக் கிடைக்கும்தானே அக்கா" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். எங்கட பெடியள் அங்க நிலத்தில இருந்து அழுறாங்கள்."

இந்த வருடம் கழகம் மறுபடியும் மேலே போகும் போலிருக்கிறது. ரசிகன் அதை விரும்ப வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதற்கான காரணங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அக்கா சொல்லித் தந்தவை. அவற்றில் ஒன்றும் பிழையில்லை. ஆனால் அவர் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொள்வது அந்தக் காரணங்களை அல்ல. தமக்கு நட்டம் என்று தெரிந்தும் வெம்பிளியில் எல்லோருக்கும் முதலில் எழுந்த அந்த முகத்தை. அப்படி ஒரு முகத்தை எங்கள் ஆட்களிடம் நான் அதிகம் கண்டதில்லை. கண்ணாடியிலும் கண்டதில்லை.