குளவி கலைந்த காலையில் என் புதுக் கார்

போன வருடம் தைப்பொங்கல் முடிந்த வாரத்தில், நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இது நடந்தது. கார் வாங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, வத்தளையில் பேக்கரி, பிறகு வளைகுடாவில் கட்டட வேலை, சலவை வேலை. எந்த இடத்திலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் தங்கியதில்லை. பட்டினி கிடந்ததும் பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் ஊர் திரும்பி, மனைவி, மகளோடு தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில், அப்பா இருந்த அதே ஒற்றை அறைக் காம்பராவில் குடியேறினேன். ஒரு சின்னக் காரும் வாங்கினேன். ஜப்பானில் ஓடிய வண்டிதான். எனக்கு அது புதுசு. விற்றவர் ஆசனங்களுக்குப் போட்டுக் கொடுத்த பொலித்தீன் உறையைக்கூட நான் கழற்றவில்லை.

கார் நல்ல கார். நாலு பேர் தாராளமாக உட்காரலாம். கதவை மூடினால் வெளிச்சத்தம் அடங்கிவிடும். பெற்றோலும் அதிகம் குடிக்காது. ஆனால் இன்ஜின் சிறியது. ஏசி போட்டுக்கொண்டு தோட்டத்து ஏற்றத்தில் ஏறினால் மூச்சு வாங்கும். ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கிக்கொள்ள வேண்டும். குழியில் இறங்கினால் அடிவயிறு உரசும்.

"என்னப்பா, கொழுந்துக் கூடைக்கு டயர் மாட்டிக் கொண்டாந்திருக்க?" என்று லயத்தில் சிரித்தார்கள்.

பக்கத்துக் காம்பரா அக்காதான் அவர்களை அதட்டினார். "சும்மா இருங்கய்யா. நம்ம லயத்துக்கு மொதக் காரு!" கோயிலில் காருக்குப் பூசை வைத்த அன்று, தன் வாசலில் பூத்த செவ்வந்தியைப் பறித்து அவரே மாலை கட்டித் தந்தார். கொழுந்து பறிக்கிறவர். வேலை விட்டு வந்ததும் என் மகளுக்கு ஒரு வாய் சோறூட்டாமல் இருக்கமாட்டார்.

அன்று மனைவியும் மகளும் பதுளையில் உறவுக்காரர் வீட்டில் இருந்தார்கள். அவர்களைக் கூட்டிவர நான் தனியாகப் புறப்பட்டேன். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஏறும் வழியில், இடது பக்க மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கூச்சல் கேட்டது.

"குளவி! குளவி! ஓடாதீங்க, படுங்க!" என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி கத்தினார்.

கூடு கலைந்து குளவி கிளம்பினால், இடுப்பில் கட்டியிருக்கும் படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு தேயிலைக்கு அடியில் குப்புறப் படுத்துவிட வேண்டும். தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். அந்த நேரத்தில் ரோட்டில் வருகிற வாகனம் எதுவானாலும் நின்று ஆட்களை ஏற்ற வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

பலர் படுத்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு அதற்குள் கொட்டு விழுந்துவிட்டது போலிருக்கிறது. என் காரைப் பார்த்ததும் சரிவில் விழுந்தடித்து இறங்கி ஓடிவந்தார். நான் பிரேக் போட்டேன். அவர் தலையைச் சுற்றிக் குளவிகள் மொய்ப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்று உள்ளே வந்து முன் கண்ணாடியில் மோதியது. நாலு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டேன்.

வண்டி ஓடத் தொடங்கினால் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க ஒரு பொத்தான் உண்டு. என் வலது கை படும் இடத்திலேயே இருக்கிறது.

"தம்பி, கதவத் தொறங்க! தம்பி!" உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு காரை எடுத்தேன். ஏற்றம், சின்ன இன்ஜின்; வேகமாகத் தப்பிக்கவும் முடியவில்லை. கண்ணாடியில் வைத்த கையை எடுக்காமல் அக்கா கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார். பிறகு அந்தக் கை இல்லை.

மகள் உள்ளே இருந்திருந்தால் ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். பின் ஆசனம் காலியாகத்தான் இருந்தது.

மேல் வளைவில் போய் நிறுத்தினேன். எதிரே வந்த கொழுந்து லொறி என்னைத் தாண்டிக் கீழே இறங்கியது. அந்த டிரைவர் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு குதித்து, அக்காவையும் இன்னும் இரண்டு பேரையும் தூக்கி ஏற்றியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். லொறி திரும்பி வந்தபோது மூவரும் கொழுந்து மூட்டைகளின் மேல் கிடந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரி வரை அந்த லொறிக்குப் பின்னாலேயே காலிக் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

சாயந்தரம்தான் வார்டுக்குள் போகத் துணிந்தேன். அக்காவின் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தது. கட்டிலருகே இருந்த அவர் கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போனியாமே? நீயெல்லாம் மனுசனாடா?"

எத்தனையோ முதலாளிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். பதில் பேசாமல் வந்ததில்லை. இவர் முன்னால், கையிலிருந்த கார் சாவியைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

அக்கா கட்டிலில் இருந்தபடியே பேசினார். "அவர ஏன் திட்டுறீங்க? அது ஓட ஆரம்பிச்சா கதவு தானா பூட்டிக்கிரும். புதுக் காரு, தம்பிக்கே தொறக்கத் தெரியல. லொறியக் கூப்பிடத்தான் மேல போயிருக்காரு."

கதவு தானாகப் பூட்டிக்கொள்வதை அவருக்குப் பெருமையாக ஓட்டிக் காட்டியவன் நான்தான். பொத்தானைக் காட்டவில்லை.

கணவரின் குரல் இறங்கியது. "அப்படியா தம்பி?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணாடியை ஏற்றியதாவது பயத்தில் செய்தது. இது பயத்தில் செய்ததல்ல.

கடவுள் புண்ணியத்தில் மூவருமே தேறிவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நானே கார் கொண்டுபோனேன். கணவர் பின்னால் உட்கார்ந்ததும் அசதியில் தூங்கிவிட்டார். அக்கா என் பக்கத்தில் இருந்தார். பாதி வழியில் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அந்தக் கதவு தொறக்கிறது எங்க இருக்கு?"

காட்டினேன். கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு கிட்டவா?" என்றார்.

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "பாப்பா சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார்.

இன்றும் லயத்தில் யாராவது அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் அக்கா அதே கதையைத்தான் சொல்கிறார். லொறியை அனுப்பியவன் நான்தான் என்று அவர்கள் நன்றியோடு என்னைப் பார்க்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன்; அதை என் அடக்கம் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் என் மகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருக்கிறார்.