ரசம் சுரண்டிய கண்ணாடி

முகம் பார்க்கும் கண்ணாடியிலேயே மணி, வெயில், அரியலூர் ரயில் நேரம் எல்லாம் தெரியும்படி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பழைய மானிட்டர் பரணில் கிடந்தது. உள்ளங்கை அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வரவழைத்தேன். கண்ணாடிதான் பாக்கி. முகத்தையும் காட்டி, பின்னாலிருக்கும் வெளிச்சத்தையும் விடுகிற தனிக் கண்ணாடி இதற்கென்றே இருக்கிறதாம். வீடியோவில் அதைச் சொன்ன இடத்தைத்தான் நான் பார்க்காமல் ஓட்டிவிட்டேன்.

மனைவி அரியலூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுக்குச் சீராக வந்த கண்ணாடி படுக்கையறையில் நின்றது. மேல் விளிம்பில் கண்ணாடியிலேயே இரண்டு கிளி செதுக்கியது; மாமனார் தேடித் தேடி வாங்கியது. பின்னால் பூசிய ரசம்தானே வெளிச்சத்தை மறிக்கிறது, மானிட்டர் அளவுக்குச் சுரண்டினால் தீர்ந்தது என்று சுவருக்குப் பட்டி பார்க்கிற தகட்டை எடுத்தேன். மிக நேர்த்தியாகச் சுரண்டினேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

மானிட்டரைப் பொருத்தியதும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கழுத்துக்குக் கீழே நான் இருந்தேன். மேலே முப்பத்தெட்டு டிகிரி இருந்தது.

அப்போது போன் வந்தது. "பஸ் ஏறிட்டேங்க. வந்ததும் குரும்பலூர் வளைகாப்புக்குக் கிளம்பணும். பட்டுப்புடவைய எடுத்து வைங்க."

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்துக்கு, கண்ணாடியில் முகம் தெரியாமல் போனதே நல்லது. குரங்கு புகுந்துவிட்டது என்று சொல்லலாமா என யோசித்தேன். எங்கள் ஜன்னல் கம்பிக்குள் அணில்கூட நுழையாது. கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தேன்.

"ரசம் மட்டும் பூசித் தருவீங்களா?"

"அதெல்லாம் இங்க பூசறதில்ல சார். புதுசா வாங்கிக்கிங்க."

"கிளி வேணுமே."

"இது கண்ணாடிக் கடை சார்."

கடைசியில் மூளை வேலை செய்தது. பழைய கேமரா ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகி, முன்னால் நிற்பவர் தலை அந்தச் சதுரத்தில் தெரியும்படி செய்தேன். கீழே கண்ணாடி, மேலே கேமரா. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே ஆள்தான்.

மனைவி வந்து, புடவை கட்டி, பொட்டு வைக்க நின்றாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவோரம் தயாராக இருந்தேன். அவள் கையைத் தூக்கினாள். திரையில் கை சற்றுத் தாமதமாக, எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்தது. கேமரா கண்ணாடி மாதிரி காட்டாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொட்டு இடது புருவத்துக்கு மேல் உட்கார்ந்தது.

அவள் கண்ணாடியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். சுரண்டிய இடத்தின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"எங்கப்பா வாங்குனது."

"தெரியும்."

"கிளியயும் சுரண்டிட்டீங்களா?"

"இல்ல. அது அப்படியே இருக்கு."

"பெரிய மனசுதான்."

பொட்டைத் துடைத்தாள். "வாங்க இங்க. நீங்களே வச்சு வுடுங்க. வேற கண்ணாடி வர்ற வரைக்கும் டெய்லி இதான் உங்க வேல. கைய ஆட்டாதீங்க."

வைத்தேன்.

"நேரா இருக்கா?"

"இருக்கு."

வாசலில் நான் பைக்கைத் திருப்பியதும், அவள் சைடு கண்ணாடியில் குனிந்து பொட்டைச் சரி செய்துகொண்டுதான் பின்னால் ஏறினாள்.