பட்டியலக்காவின் இருபத்து மூன்றாவது வரி

போட்டோகாப்பி கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தப் பயண அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. முதலாளி முதல் டீ கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் அவர் பட்டியலக்காதான். தீவுக்குப் போகிறவர்கள் கையில் டிக்கெட்டோடு ஒரு தாளையும் திணித்துவிடுவார். அதில் 'தீவுக்குப் போகும் முன்' என்று தலைப்பு, கீழே இருபத்திரண்டு வரிகள்.

ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட பாடு இருக்கிறது. 'புதுச் செருப்பு வேண்டாம்' என்பது கால் நிறையக் கொப்புளத்தோடு திரும்பிய ஒரு கல்யாண ஜோடியின் உபயம். 'தென்னை மரத்தடியில் படுக்காதீர்கள்' என்ற வரிக்குச் சொந்தக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். நல்ல வேளை, தேங்காய் அவர் கேமராமேல்தான் விழுந்தது. 'மேகம் மூடியிருந்தாலும் வெயில் சுடும்.' 'பிற்பகல் படகு வேண்டவே வேண்டாம், அலை ஆளைப் புரட்டிவிடும்.' யாராவது திரும்பி வந்து புலம்ப ஆரம்பித்தால் போதும், அக்கா ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே பேனாவைத் தேடுவார்.

இத்தனை சொல்லும் அக்கா தீவுக்குப் போனதே இல்லை. தனியாகப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு அசராத மனுஷர், கடலைக் கண்டால் மட்டும் பத்தடி தள்ளி நின்றுகொள்வார்.

"எனக்கும் தண்ணிக்கும் ஆகாது. நீ வேணா உன் தங்கச்சியக் கூட்டிட்டுப் போ" என்பார்.

"தங்கச்சியோட ஊர் சுத்தவா உங்களக் கட்டிக்கிட்டேன்?" என்பார் அக்கா. பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆசை மட்டும் முடியவில்லை.

இருபத்தைந்து வருஷ வேலைக்குப் பரிசாக, இரண்டு பேருக்குப் படகும் தங்குவதற்கு அறையும் என்று முதலாளி ஒரு சீட்டு கொடுத்தார். மாதம் முடிந்தால் செல்லாது. அக்கா கெஞ்சவுமில்லை, சண்டை போடவுமில்லை. பட்டியலின் ஒரு தாளில் கடைசியாக ஒரு வரியைப் பேனாவால் சேர்த்து, வீட்டுக்காரருடைய மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

'23. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளவும்.'

சாயங்காலம் வந்து பார்த்தால், மனுஷர் பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

மாதத்தின் கடைசி நாளில்தான் கிளம்ப முடிந்தது. காலைப் படகு ஒன்பதரைக்கு. படகுத்துறை வாசலில் சோதனை செய்கிறவர் அடையாள அட்டை கேட்டார். அக்கா தன்னுடையதைக் காட்டினார். கண்டக்டர் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

"ஒரிஜினல் வேணும் சார்."

"அது வீட்டு பீரோவுல இருக்கு" என்றவர், அக்கா பக்கம் திரும்பினார். "நீதானே எழுதியிருக்க? நாலாவது வரி. அட்டை தண்ணில விழுந்துடும், நகல் போதும்னு."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். இருபத்திரண்டு வரிக்கும் பென்சிலால் டிக் போட்டிருந்தது. இருபத்து மூன்று மட்டும் காலி.

அக்காவுக்குப் பகீரென்றது. நகல் செல்லாது என்று போன மாதமே புது விதி வந்துவிட்டது. அவரே நாலாவது வரியைத் திருத்திப் புதிதாக அச்சடித்தார். ஆனால் புதுத் தாளெல்லாம் வாடிக்கையாளருக்கு. மிஞ்சிய பழையதை வீணாக்காமல் வீட்டுக்கு எடுத்துவருவது அக்காவின் வழக்கம். அதில் ஒன்றில்தான் அந்தக் கடைசி வரியை எழுதினார். தன் எழுத்தை வரிக்கு வரி நம்பிய ஒரே ஆளை அவரே ஏமாற்றிவிட்டார். கண் கலங்கிவிட்டது.

தங்கச்சிக்கு போன் போட்டார்கள். அவளிடம் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. பீரோவைத் திறந்து, பஸ் பிடித்து, அட்டையோடு அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. இனி இரண்டு மணிப் படகு ஒன்றுதான் பாக்கி.

"வேண்டாங்க, வீட்டுக்குப் போயிடலாம். நானே எழுதியிருக்கேன், பிற்பகல் படகு வேண்டாம்னு" என்றார் அக்கா.

கண்டக்டர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"அதுவும் பழைய தாளுதானே. மாறியிருக்கலாம்."

"அது மாறலங்க."

"பரவால்ல, ஏறு. உன் சீட்டு இன்னிக்கோட முடியுதில்ல."

படகு துறையைத் தாண்டியதும் அலை தன் வேலையைக் காட்டியது. புரண்டுபோனது அவர் இல்லை, அக்கா. முகம் வெளிறி, பெஞ்சில் சுருண்டு, குடல் வாய்க்கு வந்துவிடும் போலிருந்தது. கண்டக்டர் கால் அகட்டி நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்தார். ஓடும் பஸ்ஸில் முப்பது வருஷம் நின்ற கால்கள், தானாகவே நிதானத்துக்கு வந்தன. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மோக்கக் கொடுத்தார். நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"கீழ பாக்காத. தூரத்துல கரை தெரியுது பாரு, அதையே பாரு. பதினொண்ணாவது வரி."

"பயமா இருக்குங்க."

"மலைப் பாதையில உன்ன மாதிரி எத்தனை பேரப் பாத்திருக்கேன். இந்தா, எறங்குற எடம் வந்துடுச்சு."

தீவுத் துறையில் படகு முட்டி நின்றது. எல்லோரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பென்சிலைத் தேடினார். வலது கையை எடுக்க முடியவில்லை. அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அவரும் விடுவித்துக்கொள்ளவில்லை. இருபத்து மூன்றாவது வரிக்கு இடது கையாலேயே டிக் போட்டார், கோணலாக.