பம்பும் தம்மும்

பரண்மேல் கிடந்த பழைய ஹெல்மெட்டுக்குள் அந்த இன்ஹேலரைக் கண்டெடுத்தபோது அக்கா முதலில் சிரித்தாள். பிறகுதான் கோபம் வந்தது. ஒளித்து வைத்தவர் அவள் கணவர், என் மாமா. ஒரகடத்தில் நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலை. அவர் வெல்டிங் லைன், நான் ஸ்டோர்ஸ். நுரையீரலில் நாள்பட்ட நோய் என்று சொன்ன டாக்டர், சிகரெட்டை விடச் சொல்லி இன்ஹேலரைக் கொடுத்திருந்தார். மாமா இரண்டில் ஒன்றை விட்டார்: இன்ஹேலரை.

"பம்பு புடிச்சா பழகிடும். அப்புறம் வுடவே முடியாது" என்றார்.

"இத்தினி வருசமா தம்மு பழகினப்போ வராத பயம், பம்புக்கு வந்துச்சாக்கும்?" என்றாள் அக்கா.

எங்கள் பக்கம் சிகரெட்டுக்கும் மூச்சுக்கும் ஒரே சொல்தான்: தம். ஒன்று மற்றதைத் தின்கிறது என்று மாமாவுக்கு உறைத்தது படப்பையில், கம்பெனி பஸ் ஏறும்போது. ஒரு காலைப் படியில் வைத்தவர், மறுகாலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பெர்சு, ஏறுறியா, பஸ்ஸைத் தள்ளப் போறியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. மாமாவும் சிரிக்கப் பார்த்தார்; சிரிக்கவும் மூச்சு வேண்டியிருந்தது.

மறுபடி டாக்டரிடம் போனோம். நுரையீரலில் போனது திரும்பாது, சிகரெட்டை விட்டால் இருப்பது வேகமாகக் குறையாது என்றார். மருந்தை மெதுவாக இழுத்து உள்ளேயே நிறுத்த வேண்டும் என்று நர்ஸ் காட்டினார். மாமா முதல் முறையே சரியாகச் செய்தார். "பழைய பழக்கம்மா" என்றார்.

அன்றோடு சிகரெட்டை நிறுத்தியவர், வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்தில் ஒன்றைப் பிடித்துவிட்டார். மறுநாள் காலை அக்காவிடம் தானே சொல்லிவிட்டு மீண்டும் நிறுத்தினார். பெரிய சோதனை கம்பெனி கேட் எதிரே இருந்த டீக்கடைதான். ஷிப்ட் முடிந்ததும் அவரும் கூட வேலை செய்யும் ஃபிட்டர் ஒருவரும் ஒரே சிகரெட்டைப் பாதி பாதியாகப் பிடிப்பது வழக்கம். வேறு கடைக்குப் போகலாம் என்றேன். "சொல்லாம ஓடினா தேடிக்கினு வருவான்" என்று அங்கேயே நின்றார்.

ஃபிட்டர் பாதியை நீட்டினார். "இன்னாண்ணா, பாதில இன்னா ஆயிடப் போவுது?"

மாமாவின் கை எழுந்தது. டீ கிளாஸை எடுத்துக்கொண்டது. "முழுசும் நீயே அடி. எனக்கு மிச்சம் கீற தம்மு வோணும்டா."

ஃபிட்டர் புகையும் சிகரெட்டோடு சர்வீஸ் ரோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றார். இன்றும் அப்படித்தான்: அவர் அங்கே, மாமா இங்கே, நடுவில் லாரிகள். மாமா கத்திப் பேசுகிறார். பாதியில் மூச்சு வாங்க நிற்கிறார். பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடங்கி, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறார்.