பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. சுற்றம் முழுவதும் பேசிய, அவரை வழியனுப்பிய அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தையும் எழுதிவிடுகிறேன். மழுப்பி எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது.

சிங்கப்பூர்த் தேக்காவில் அப்பா நடத்திய துணிக்கடையின் மாடியில் பிறந்தவர் அக்கா. கிளமெண்டி பக்கம் பல்கலைக்கழகத்தில் ரோமானிய வரலாறு கற்பித்தார். பேரரசுக் காலத்துச் சீமாட்டி ஒருத்தியின் கல்வெட்டையும் கடிதங்களையும் வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தார். "கல்யாணம் ஆகியும் அவ அப்பா வீட்டுப் பொண்ணுதாண்டி, பேரைக்கூட மாத்தல. அவ மகளை உறவுக்காகக் கட்டிக் குடுன்னு அண்ணன்காரன் நெருக்கினான், பாவம்" என்பார்.

அதே நெருக்கடி அக்காவுக்கும் வந்தது. எங்கள் அண்ணன் தம் மகனுக்கு அக்கா மகளைக் கேட்டார். முறைப்பெண்தான், ஆனால் அவளுக்கு விருப்பமில்லை.

"குடும்பம் ஒட்டணும்னு பொண்ணைக் குடுக்கிறதை ரோமாபுரியிலயே நிறையப் பாத்துட்டேன்ணே" என்றார் அக்கா.

அன்று எழுந்து போன அண்ணன், அத்தான் இறந்தபோதுகூட வரவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

நோயில் கிடந்தபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "எனக்குப் போர்த்துற கோடித்துணியை அண்ணன் கொண்டாரணும்டி. இல்லன்னா நான் எந்த வீட்டுப் பொண்ணு?" அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தோம். மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்பட இருபது நிமிடமே இருந்தது. "பொறந்த வீட்டுக் கோடி எங்கம்மா?" என்று சடங்கு செய்த பெரியவர் மூன்றாம் முறையாகக் கேட்டார். நானோ வேறு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட தங்கை. நான் போட்டால் செல்லாது.

"டைம் ஆச்சுலா, நீங்களே போட்டுடுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் டாக்சியிலிருந்து அண்ணன் இறங்கினார். பையைப் பிரித்து எடுத்தது அரக்குச் சிவப்புப் பட்டு. கூட்டம் முணுமுணுத்தது. கணவரை இழந்தவருக்கு எங்களில் வெள்ளைதான் வழக்கம்.

"தப்பா எடுத்துட்டு வந்துட்டீங்களே" என்றார் பெரியவர்.

"தெரிஞ்சுதாங்க எடுத்தேன். வெள்ளை, புருஷன் வீட்டுக் கணக்கு. இவ எங்கப்பா மகளாப் போறா."

பெரியவர் அதை வாங்கக் கை நீட்டவில்லை. எந்த மகளால் பகை மூண்டதோ, அவளே எழுந்து வந்தாள். "குடுங்க மாமா" என்று சேலையின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகப் போர்த்தினார்கள். அண்ணன் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்த மாணவர்களுக்கும், நாற்காலி போட்டது முதல் தேநீர் கொடுத்தது வரை பார்த்துக்கொண்ட அண்டைவீட்டாருக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கு மட்டும் இங்கே நன்றி எழுதவில்லை. பிறந்த வீட்டுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அக்கா என்னைத் திட்டுவார்.