காலேஜ் மேட்ச்சுக்கு ஒரு புரோக்கர்

போன ஞாயிறு மத்தியானம், ஒரு காலேஜ் மைதானத்தின் கேட்டில் வைத்து எனக்கு ஒரு பர்மிய வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்தார்கள். ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு!

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கொடுத்தவன், இன்னும் திரும்பப் போகவில்லை. பபேடான் நடைபாதையில் போன் கவர் விற்கிறேன், வாரம் ஒருமுறை உங்களிடம் வம்பளக்கிறேன். ஆனால் காலேஜுக்குள் நான் கால் வைக்காதவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நாலு வருஷமாக ஒரு கால்பந்து மேட்ச் விட்டதில்லை. அட்டெண்டன்ஸ் எடுத்திருந்தால் எனக்கு ஒரு டிகிரியே கொடுத்திருக்க வேண்டும்.

போன வருஷம் வரைக்கும் காலேஜ் மேட்ச் என்றால் என்ன? கேட் திறந்திருக்கும். உள்ளே போவோம். புல்லில் துண்டை விரிப்போம். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே ரெஃப்ரியைத் திட்டுவோம். மொத்தச் செலவு, விதைக்குத்தான்.

இந்த சீசனில் புல் காணாமல் போய்விட்டது. அதாவது புல் இருக்கிறது... அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டார்கள். நாற்காலி வந்ததும் நம்பர் வந்தது. நம்பர் வந்ததும் டிக்கெட் வந்தது. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டு போகக் கூடாதாம், உள்ளேதான் வாங்க வேண்டுமாம். நம்ம டீம் பக்கம் உட்கார வேண்டுமென்றால் அவர்கள் விற்கிற டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஏன், என் சட்டைக்குள் இருந்து கத்தினால் சத்தம் வராதா?

எங்கள் கோஷ்டியில் மூன்று பேர். நான் ஒன்று. குடைக்கடை காதர் பாய் இரண்டு. ரங்கூன் முழுக்க மழையைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். மூன்றாவது மணி. லைங் தாயாவில் ஒரு கார்மெண்ட் ஃபாக்டரியில் துணி வெட்டுகிறான்.

மணியின் தங்கச்சி செல்விதான் எங்கள் டீம் கோல்கீப்பர். பெண்கள் டீம். அவளுக்கு இது கடைசி வருஷம், இந்த ஃபைனல்தான் கடைசி மேட்ச். மணி இதுவரைக்கும் அவள் ஆடி ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓவர்டைம் இருக்கும், ஓவர்டைம் இல்லாத ஞாயிறு மேட்ச் இருக்காது. அவள் பிடித்த பந்தையெல்லாம் நான்தான் அவனுக்கு நடித்துக் காட்டுவேன். டீக்கடை பெஞ்சிலிருந்து பாய்ந்து இரண்டு முறை கிளாஸை உடைத்திருக்கிறேன்.

"இந்தத் தடவ ஓவர்டைம் வேண்டான்னு எழுதிக் குடுத்துட்டேன்டா. உன் நடிப்பப் பாத்தது போதும்" என்றான் மணி.

சரி, டிக்கெட்? ஃபைனல் டிக்கெட் கவுண்டரில் இல்லை. எல்லாம் புரோக்கர் கையில். வீடு பிடித்துத் தருவார், பழைய ஜெனரேட்டர் விற்றுத் தருவார், கோ ஜோ என்று ஒருத்தர். அவருக்கு போன் போட்டேன்.

"மூணு பேருக்கு ப்வேகா இவ்வளவு. குடுத்துட்டா லிஸ்ட்டுல பேரு ஏறிடும்" என்றார்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். பர்மியில் 'ப்வே' என்றால் மேட்ச். திருவிழா, கூத்து, கச்சேரி எல்லாமே ப்வேதான். 'கா' என்றால் கட்டணம். பஸ்ஸுக்குக் கொடுப்பது கார்கா. அப்படியென்றால் ப்வேகா? மேட்ச் பார்க்கிற கட்டணம். சரிதானே? இதுக்கு எதுக்கு எட்டாவது?

"பரவால்ல பாய், நாம பயந்த அளவுக்கு இல்ல" என்று மூன்று பேரிடமும் வசூல் செய்து கொடுத்தேன். பெரிய மனுஷன் மாதிரி மீசையைக்கூடத் தடவிக்கொண்டேன். மீசை சரியாக வரவில்லை, அது வேறு விஷயம்.

ஞாயிறு கேட்டில் லிஸ்ட்டைப் பார்த்தார்கள். மூன்று பேர் பெயரும் இருந்தது. "டிக்கெட் காசு?" என்று கையை நீட்டினார் கேட்காரர்.

"அதான் ப்வேகா குடுத்தாச்சே!"

கேட்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, சின்னப் பையனுக்குச் சொல்வது மாதிரி நிதானமாகச் சொன்னார். ப்வேகா என்றால் புரோக்கர் கமிஷன். பேர் ஏற்றியதற்கு. டிக்கெட் தனி. டி-ஷர்ட் தனி.

வீடு வாடகைக்குப் பார்க்கும்போது இதே வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எனக்குத் தெரியாததல்ல. ஆனால் மேட்ச் பேச்சுக்கு நடுவில் வந்ததும் காது அதை மேட்ச் காசு என்றே வாங்கிக்கொண்டது. நீங்களே சொல்லுங்கள் — படிக்கிற பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்க்க புரோக்கர் கமிஷன் இருக்கும் என்று எந்தக் காதுக்குத்தான் தோன்றும்?

மூன்று பாக்கெட்டையும் கவிழ்த்தோம். போனில் அனுப்பலாமே என்பீர்கள். மாசக் கடைசி சார், போனும் எங்களை மாதிரித்தான் இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு டிக்கெட், ஒரு டி-ஷர்ட். அவ்வளவுதான் தேறியது.

மணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. லைங் தாயாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன், கேட் கம்பிக்குள் மூக்கை விட்டு கோல் போஸ்ட் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தெரியவில்லை. நாற்காலிகளின் முதுகுதான் தெரிந்தது.

"நீங்க போங்க பாய். சீசன் பூராப் பாத்தது நீங்கதான்" என்றான்.

"கோல்ல நிக்கிறது யாரு, உன் தங்கச்சியா என் தங்கச்சியா? போடா உள்ள!" என்றார் காதர் பாய். என் பக்கம் திரும்பி, "நீ வாயத் தொறந்த... பல்லுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

டி-ஷர்ட்டில் சின்ன சைஸ்தான் மிச்சம். மணி முதலில் அதற்குள் போனான், பிறகுதான் மைதானத்துக்குள் போனான். இரண்டாவது சுலபமாக இருந்தது.

நாங்கள் வெளிச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். எங்களை மாதிரி இன்னும் பத்துப் பதினைந்து பேர். ஊ தின் என்று ஒரு பெரியவர். அதே காலேஜில் படித்தவராம். "இந்த கிரவுண்டுல நான் கோல் போட்டிருக்கேன் தம்பி. இன்னைக்கு அத எட்டிப் பாக்கக் காசு கேக்குறான்" என்றார். அவர் கோபம் நியாயம். அவர் போட்ட கோலை யாரும் பார்க்கவில்லை என்பது என் சந்தேகம். அன்றைக்குப் பார்க்கிறது இலவசம்தானே, ஒரு சாட்சிகூடவா கிடைக்கவில்லை?

காதர் பாய் கடைக்காரர், இரண்டு பக்கமும் பேசுவார். "ஏறாம என்னா செய்யும்? டீசல் ஏறிடுச்சு, பந்து ஏறிடுச்சு, பிள்ளைங்கள ஏத்திட்டு வர்ற பஸ்ஸு ஏறிடுச்சு. என் குடையே ஏறிடுச்சே."

"ஏறட்டும் பாய். ஏறின காசு யாருக்குப் போகுது? செல்வி கையில போட்டிருக்கிற கிளவுஸ் யார் வாங்கினது?" என்றேன்.

எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மணி வாங்கியது. காலேஜ் கொடுத்த கிளவுஸ் முதல் மழையிலேயே பிரிந்துபோய், இவன் சனிக்கிழமை ஓவர்டைமில் வாங்கிக் கொடுத்தான்.

இதுதான் சார் எனக்கு எரிகிறது. செலவு கூடினால் பங்கு போட்டுக்கொள்ளலாம். விதை விற்கிற அக்காகூட ரெண்டு விதையைக் குறைத்துப் போடுகிறார், நாமும் புரிந்துகொண்டு கொறிக்கிறோம். ஆனால் இங்கே என்ன நடக்கிறது? ஆடுகிற பெண்ணின் அண்ணன் கிளவுஸ் வாங்க வேண்டும், பிறகு அந்த கிளவுஸைப் பார்க்க டிக்கெட்டும் வாங்க வேண்டும். நடுவில், ஒரு பந்தைக்கூடத் தொடாதவருக்கு கமிஷன். ஓடுகிறவர்களுக்கு என்ன கிடைத்தது? தாகம். தண்ணீரைத்தான் வெளியிலிருந்து கொண்டு போகக் கூடாதே!

சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு கூச்சல். சுவரே அதிர்ந்தது. கோல்! யாருடைய கோல்? எங்களுக்கு எப்படித் தெரியும்? பத்துப் பதினைந்து பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சந்தோஷப்படுவதா, தலையில் கை வைப்பதா? எதற்கும் இருக்கட்டும் என்று ஊ தின் கை தட்டினார்.

மேட்ச் முடிந்து கும்பல் வந்தது. நம்ம டி-ஷர்ட்டெல்லாம் குதித்துக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம், ஒண்ணுக்கு சைபர். கடைசியில் மணி வந்தான். கண் சிவந்திருந்தது. வெயிலாக இருக்கும்.

"எப்புடிடா விழுந்துச்சு அந்த கோலு?" பாய் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஹெட்டரா? ஃப்ரீ கிக்கா? சொல்லுடா!"

"தெரியல பாய்."

"என்னது?"

"அது அந்தப் பக்கம் விழுந்துச்சு. நான் தங்கச்சி நின்ன பக்கத்த விட்டுக் கண்ண எடுக்கல. பந்து அங்க இருக்கும்போதுகூட அவ சும்மா நிக்கமாட்டா பாய்... கத்திக்கிட்டே இருக்கா. ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லி நிறுத்துறா. வீட்டுல அவ சத்தமே வராது." மூக்கை டி-ஷர்ட்டில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "ஏன்டா, பாதி மேட்சுதான பாத்திருக்கேன். பாதிக் காசு திருப்பித் தருவானா?"

நான் சும்மா இருப்பேனா? நேராகக் கேட்டுக்குப் போனேன். விவரமாக, மரியாதையாக, என் நல்ல பர்மியில் எடுத்துச் சொன்னேன்.

கேட்காரர் கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "பார்த்தது பாதியாக இருக்கலாம். உட்கார்ந்தது முழு நாற்காலியில்தானே?"