கொரியா டீச்சரும் தேவியின் மைனஸ் ஏழும்

கண்ணாடிக் கடைக்குப் பார்வை சரியில்லைன்னு வர்றவங்களைவிட மூஞ்சி சரியில்லைன்னு வர்றவங்கதான் அதிகம். மலாக்கா டவுன்ல இத்தனை வருசமா கடை வச்சிருக்கிறவ சொல்றேன், நம்புங்க. மூக்குமேல ரெண்டு தழும்போட அலையுற என் இனத்து ஜனங்களே, காலையில எழுந்ததும் தலகாணியைத் தடவித் தடவிக் கண்ணாடி தேடுறவங்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுறேன். இதுல ரெண்டு கொரியாப் பொண்ணுங்க வர்றாங்க. ரெண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

வாய்க்குள்ளேயே நின்ன வசனம்

மைனஸ் பவர் கூடக்கூட, கண்ணாடிக்குப் பின்னால கண்ணு சின்னதாத் தெரியும். இதை எல்லாக் கஸ்டமர்கிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுவேன். சொல்லலைன்னா கண்ணாடியை வாங்கிட்டுப் போய் மறுநாளே சண்டைக்கு வருவாங்க. ஒருநாள் யூன்ஹீ டீச்சர் வந்தாங்க. இங்க ஒரு காலேஜ்ல கொரியா மொழி சொல்லிக் கொடுக்கிறவங்க. டெஸ்ட் பண்ணிப் பார்த்தா மைனஸ் எட்டு. வழக்கமான வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். ஒரு கொரியாக்காரங்ககிட்டப் போயி உங்க கண்ணு சின்னதாத் தெரியும்னு எப்படி லா சொல்றது? அந்த ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் பெரிய கண்ணு வேணும்னு தவம் கிடக்கிறாங்கன்னு, என் கடையில வேலை செய்யிற தேவி கொரியா டிராமா பார்த்துப் பார்த்து எனக்குப் பாடமே எடுத்திருக்கா.

நான் மென்னு முழுங்கறதைப் பார்த்து டீச்சரே சிரிச்சிட்டாங்க. சின்னப் புள்ளையில இருந்து கேட்டுக் காது புளிச்ச விஷயமாம். வேலைக்கு இன்டர்வியூ போன இடத்துல, கண்ணாடியைக் கழட்டினா இன்னும் நல்லாருப்பீங்களேன்னு ஒருத்தர் சொன்னாராம். அந்த வேலையே வேணாம்னு எழுந்து வந்துட்டாங்களாம். எனக்கு எழுந்து நின்னு கைதட்டணும் போல இருந்துச்சு. கடையில இருக்கிறதிலேயே பெரிய கறுப்பு ஃப்ரேமை எடுத்து மாட்டிக்கிட்டு நிதானமாச் சொன்னாங்க: "கண்ணு எப்படித் தெரிஞ்சா என்ன? கடைசி வரிசையில தூங்குறவன் எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

குசுகுசுப்பு

டீச்சரோட தோழி சோரா, ஒரு ஃபேக்டரியில இன்ஜினியர். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்க டீச்சரோட வந்தாங்க. டீச்சர் பவுடர்கூடப் போடமாட்டாங்க, மூக்குல கன்னத்துல எல்லாம் பொடிப்பொடியாப் புள்ளி இருக்கும். சோராவோ லிப்ஸ்டிக் இல்லாமக் குப்பை கொட்டக்கூட வெளிய வரமாட்டாங்க. கொரியாப் பொண்ணுன்னா ஒரே அச்சுன்னு நெனச்சிருந்த தேவிக்குப் பெரிய குழப்பம். சும்மா இருந்தாளா? தன் இமையைத் தொட்டுக் காட்டி, இந்தக்கா கண்ணு பெருசாத் தெரிய ஆபரேஷன் பண்ணியிருக்குன்னு என் காதுல குசுகுசுத்தா.

சோராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனா விரல் போன இடம் தெரியுமில்ல? எனக்கு உசுரே போயிருச்சு. அந்தப் பொண்ணு கொஞ்சம்கூடக் கூச்சப்படல. ஆமா, பண்ணிக்கிட்டேன், என் ஆசைக்குப் பண்ணிக்கிட்டேன், டீச்சருக்கு ஆசையில்ல, பண்ணிக்கல, அதுக்காக நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கறதில்லன்னு இங்கிலீஷ்ல படபடன்னு சொல்லிட்டாங்க. இங்க எல்லாரும் இதையே கேக்கிறாங்க, வேலையைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்லன்னு ஒரு வருத்தம் மட்டும் அவங்களுக்கு இருந்துச்சு. அப்புறம் தேவியோட மூக்குத்தியை உத்துப் பார்த்துக் கேட்டாங்க: "அந்த ஓட்டை நீ பொறக்கும்போதே இருந்துச்சா?"

க்ரீம் டப்பா

தேவி வீடு லூபோக் சீனாங்கிற ஊர்ல. அங்கிருந்து அவளோட அம்மா ஒருநாள் மூச்சு வாங்க வந்து நின்னாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை தேவியைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. போன தடவை வந்தவங்க கண்ணாடிப் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டுப் போனதுல அந்த அம்மா நொந்து போயிருந்தாங்க. இந்த இடமும் போயிட்டா என்ன பண்றதுன்னு பயம். அதைக் குத்தம் சொல்ல முடியாது. பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, வாங்கின கொரியா க்ரீம் டப்பா ஒண்ணு கையில இருந்துச்சு. ஸ்பேர் கண்ணாடி வாங்க வந்திருந்த டீச்சரைப் பார்த்ததும் டப்பாவை நீட்டி, ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளுக்குமான்னு கேளுடின்னு தேவிகிட்டச் சொன்னாங்க.

சொல்லிட்டு அந்த அம்மா டீச்சர் மூஞ்சியில இருக்கிற புள்ளியைப் பார்த்தாங்க பாருங்க, அந்தப் பார்வையில அவங்களுக்கே நம்பிக்கை போயிடுச்சு. டீச்சர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு தேவிகிட்டச் சொன்னாங்க: "இதேதான் எங்கம்மாவும் எனக்கு வாங்கித் தந்தாங்க. உங்கம்மாவும் எங்கம்மாவும் ஒரே கடைக்குத்தான் போறாங்க போல."

பஸ் ஸ்டாப்

தேவியோட அம்மா க்ரீமோட விட்டாங்களா? பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு மட்டும் காண்டாக்ட் லென்ஸ் போட்டுவிடுன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. தேவி ஏற்கெனவே போட்டுப் பார்த்து, கண்ணு மொளகாய்ப் பழமாச் சிவந்து அவதிப்பட்டவ. முடியாதுன்னு கறாராச் சொல்லிட்டேன். அப்போ ஒரு மணி நேரம் கண்ணாடியைக் கழட்டி வச்சிடு, செத்தா போயிடுவன்னு மகள்கிட்டப் பாஞ்சாங்க. தேவிக்கு மைனஸ் ஏழு. கழட்டினா எதிர்ல நிக்கிறது ஆளா அலமாரியான்னு தெரியாது. பொலபொலன்னு அழுதுட்டா.

டீச்சர் என்ன விஷயம்னு கேட்டாங்க, தேவி விக்கி விக்கிச் சொன்னா. கேட்டுட்டு டீச்சர் தன்னோட கதையைச் சொன்னாங்க. அவங்கம்மாவும் ஒரு மாப்பிள்ளைய ஏற்பாடு பண்ணி, கண்ணாடியைப் பிடுங்கி வச்சுக்கிட்டுக் காப்பிக் கடைக்கு அனுப்பி வச்சாங்களாம். "ஒரு மணி நேரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேன். மறுநாள் பஸ் ஸ்டாப்புல ஒருத்தர் பக்கத்துல வந்து வணக்கம் சொன்னாரு. யாருன்னே தெரியாம, நான் தள்ளிப் போய் நின்னுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை

திங்கக்கிழமை தேவி வழக்கம்போல வேலைக்கு வந்தா, மூக்குமேல கண்ணாடியோட. என்னாச்சுடின்னேன். காப்பித் தட்டோட போனப்பவும் கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் போனாளாம். மாப்பிள்ளையோட அம்மா, கழட்டும்மா, மூஞ்சியைப் பார்க்கணும்னாங்களாம். கழட்டினா நான் உங்க மகனைப் பார்க்க முடியாது ஆன்ட்டின்னு தேவி பதில் சொல்லியிருக்கா. தேவியோட அம்மா தலையில கை வச்சுக்கிட்டாங்களாம்.

அப்போ மாப்பிள்ளையைப் பார்த்திருக்கா. அவரு பக்கத்துல இருந்த தம்பி தொடையில இடிச்சு, இவ கண்ணாடியைக் கண்ணால காட்டிச் சிரிச்சிருக்காரு. அவங்க போகும்போது எங்களுக்குச் சம்மதம்னுதான் சொல்லிட்டுப் போனாங்களாம். வேணாம்னது தேவி. எனக்குப் பெருமை தாங்கல, அழுகையும் வந்துச்சு. அவ அழல. ஷெல்ஃப் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னா: "கண்ணாடி இல்லாமப் பார்த்திருந்தா, வெக்கப்பட்டுச் சிரிக்கிறாருன்னு நெனச்சிருப்பேன்கா."

பார்வை தெரியலைன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தவங்க உண்டு, மகளுக்கு இவ்வளவு தெளிவாத் தெரியவச்சிட்டியேன்னு இன்னிவரைக்கும் என்கூடப் பேசாம இருக்கிறது தேவியோட அம்மா ஒருத்தங்கதான்.